முப்பத்திரண்டா, முப்பத்தெட்டா

நாங்கள் இருவரும் நடந்தே கிளம்பினோம். கிரானைட் யார்டிலிருந்து சித்தூர் போகிற பெரிய ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. லாரிச் சக்கரங்கள் அறுத்துப்போட்ட இரண்டு பள்ளங்களில் ஒன்றில் அவரும் மற்றதில் நானும் நடந்தோம். மத்தியானம் இரண்டு மணி. என்னிடம் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு தட்டு. அவர் தோளில் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பச்சைப் பை. அவருடைய வலது கை அடிக்கடி இடுப்புக்குப் போனது. அங்கே பெல்ட் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி தொங்கியது.

எங்களை வேலையை விட்டு அனுப்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அதற்காக எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பிச்சாட்டூரில் மீன் கூடை தூக்கினேன், நகரியில் தறிக்கு நூல் சுற்றினேன், சாந்திபுரம் பக்கம் தக்காளிப் பெட்டிக்கு ஆணி அடித்தேன், நடுவில் நாலு வருஷம் லாரியில் கிளீனர். எட்டாவதில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேலை போவதும் வருவதும் பஸ் மாறுவது மாதிரிதான். மனசில் இருந்தது வேறு. காலையில் கல் ஸ்லாப் சாய்ந்து வலது கை நசுங்கிய பாலிஷ் ஷெட் ஆள் ஒருவனை யார்டு வேனில் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். அனுப்புவதற்கு முன் பூட்டின கேட்டுக்கு உள்ளே அவனை இருபது நிமிஷத்துக்கு மேல் நிறுத்தி வைத்தவர்களும் நாங்கள்தான். அந்தக் கை என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. கூடப் போன அவன் அண்ணனுடைய போன் நம்பர் எங்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

என்னோடு நடந்தவரை யார்டில் எல்லோரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து, சொந்தமாக லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஒரு ரிவால்வர் வாங்கி, அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர். அந்தப் பக்கத்தில் இது பழக்கமான தொழில். பெரிய ஆள் ஒருவருக்குக் கூட ஒரு கன்மேன் நிற்க வேண்டும். பட்டாளத்து ஆள் என்றால் மீசையும் நிமிர்வும் சேர்ந்தே வரும். எங்கள் முதலாளிக்கு இரண்டு குவாரி, ஒரு கட்டிங் யார்டு, ஒரு கட்சி. மிலிட்டரி அவரோடு பதினோரு வருஷம் நின்றார். நான் கேட்டில் சாவி வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் நின்றேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. முதலாளி யார்டுக்குள் இருக்கும் நேரத்தில் மிலிட்டரி அங்கே வந்து உட்காருவார். நானும் அவரும் பேசினதில் பாதிக்கு மேல் ரிவால்வரைப் பற்றித்தான். எனக்கு அதில் ஆசை ஒன்றும் இல்லை; அவருக்கு வேறு பேச்சு இல்லை. முதலில் எனக்கு அந்த நம்பரே புரியவில்லை. முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டு குண்டு போடலாம் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு இஞ்ச நூறா கூறு போடு. அதுல முப்பத்திரண்டு கூறு. அதான் குண்டோட பருமன். எட்டு பில்லிமீட்டர்னு வெச்சிக்க, சிலேட்டுக் குச்சி மாதிரி. முப்பத்தெட்டுன்னா சுண்டு வெரல். அவ்ளோதான் கணக்கு."

மில்லிமீட்டரை அவர் பில்லிமீட்டர் என்றுதான் சொல்வார்.

அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் கீழே இருபத்திரண்டு. அது கொக்கு சுடவும் டப்பா சுடவும் ஆகும். கையில் உதையே தெரியாது, சின்னச் சத்தம், பட்டவன் கல்லடி என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பான். அதற்கு மேலே முப்பத்திரண்டு. சாதாரண ஜனங்களுக்கு சர்க்கார் கொடுக்கிற பெரிய சைஸ் அதுதான். அவரிடம் இருந்ததும் அதுதான். முப்பத்தெட்டு போலீஸுக்கு; வெளி ஆள் வைத்திருந்தால் கேஸ். அதற்கும் மேலே வெள்ளைக்காரன் காலத்து நானூற்று ஐம்பத்தைந்து. ரெஜிமெண்ட் ஸ்டோரில் ஒன்றை எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாராம். குண்டு கட்டை விரல் நுனி அளவு இருக்கும், மெதுவாகத்தான் போகும், ஆனால் பட்டவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான் என்றார்.

முதலாளிக்கும் இந்தப் பேச்சு பிடிக்கும். அவரும் ரிவால்வர் லைசென்ஸுக்கு மனு போட்டிருந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து, எது வாங்கலாம், எது நல்லது என்று மிலிட்டரியை வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார். நானூற்று ஐம்பத்தைந்து என்ற நம்பரைக் கேட்டதும் அவருக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. முப்பத்தெட்டைப் போலப் பன்னிரண்டு மடங்கு என்று நினைத்துக்கொண்டார். ஸ்லாப்பின் கனத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிற மனுஷன். அது இஞ்சை ஆயிரம் கூறாகப் போட்ட கணக்கு, நூறு கூறில் சொன்னால் நாற்பத்தைந்தரைதான் என்று மிலிட்டரி விளக்கியபோது, ஏமாற்றிவிட்ட மாதிரி அவரையே பார்த்தார்.

ஒரு நாள் முப்பத்திரண்டின் வேகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. செய்யக்கூடாத வேலை. மிலிட்டரி இரண்டு மூன்று தடவை தட்டிக் கழித்துப் பார்த்தார், முடியவில்லை. கழிவு போடுகிற மேட்டில், விரிசல் விட்ட கறுப்பு ஸ்லாப் ஒன்றைச் சாய்த்து வைத்தோம். மிலிட்டரி எங்களைத் தனக்குப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு ஒரு தடவை சுட்டார். குண்டு எங்கேயோ தெறித்து விசில் மாதிரி போனது. போய்ப் பார்த்தால் கல்லில் ஓட்டை இல்லை. கீறல்கூட இல்லை. ஈயம் தடவின மாதிரி ஒரு சாம்பல் கறை. முதலாளி கட்டை விரலால் தேய்த்தார். கறையில் பாதி விரலுக்கு வந்துவிட்டது.

"இவ்ளோதானா?" என்றார்.

"கல்லுக்கு இவ்ளோதான் சார். ஆளுக்குப் போதும்."

ரிவால்வரில் சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி உள்ளேயே தங்கிவிடும். மிலிட்டரி அதை எடுத்து, காகிதத்தில் மடித்து, பையில் வைத்துக்கொண்டார். அடுத்த தடவை தோட்டா வாங்கும்போது கடைக்காரர் காலிக் குப்பியைக் கேட்பார், எங்கே சுட்டாய் என்றும் கேட்பார், அதற்கு ஒரு பதில் தயார் பண்ண வேண்டும். அதுவரை பதினோரு வருஷத்தில் அவர் சுட்டது மொத்தம் மூன்று தடவை. இதோடு நாலு.

ஆளுக்குப் போதும் என்று சொன்னாரே தவிர, அதை அவரே நம்பவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து தனியாக என்னிடம் சொன்னது வேறு. அவர் ஊரில் பக்கத்து நிலத்துக்காரர் முப்பத்திரண்டு ரிவால்வரால் காட்டுப்பன்றி ஒன்றை இரண்டு தடவை சுட்டிருக்கிறார். பன்றி நிற்கவில்லை. நிலக்கடலைக் கொல்லையைக் குறுக்கே உழுதுகொண்டு போய், ஏரியைச் சுற்றி, மறுநாள் எங்கேயோ செத்துக் கிடந்ததாம்.

"செத்தது நெஜம். ஆனா நெலக்கடல போச்சு" என்றார். "கொல்றது வேற, நிறுத்தறது வேற தம்பி. சின்ன குண்டும் கொல்லும், நாலு மணி நேரம் கழிச்சி. அதுக்குள்ள வந்தவன் வந்த வேலைய முடிச்சிட்டுப் போயிடுவான். நம்ம வேலை நிறுத்தறது. அதுக்கு முப்பத்தெட்டு வேணும்."

சரிண்ணே என்றேன்.

அப்புறம் எலெக்ஷன் வந்தது. எலெக்ஷன் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ரிசல்ட் வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அவரை மோட்டார் சைக்கிளில் வைத்து நான்தான் கூட்டிப் போனேன். ஸ்டேஷன் வராந்தாவில் மாந்தோப்புக்காரர்களும் கரும்புக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். சாக்கில் சுற்றிய ஒற்றைக்குழல், பழைய புடவையில் சுற்றிய இரட்டைக்குழல். ஒருவருடைய துப்பாக்கிக் கட்டையைக் கரையான் தின்றிருந்தது. கான்ஸ்டபிள் ஒவ்வொன்றிலும் அட்டையைச் சணலால் கட்டி மூலையில் சாய்த்தார். மிலிட்டரியின் ரிவால்வரை வாங்கி மேசை டிராயரில் போட்டார். அத்தனை நாள் பேசிய முப்பத்திரண்டு, டிராயரில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது. ரசீதை பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். வண்டியில் ஏறியதும், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

யார்டுக்கு வந்ததும் முதலாளி அவர் இடுப்பைப் பார்த்தார். பெல்ட் இல்லாமல் நிற்கிறதைப் பார்த்து முகம் மாறிவிட்டது. எலெக்ஷன் நேரம், எதிர்க் கட்சிக்காரர்கள் சுற்றுகிறார்கள், இப்படி வெறும் இடுப்போடு நின்றால் எனக்கு என்ன மரியாதை என்றார். பெல்ட்டைக் கட்டு, உறையைப் பொத்தான் போட்டு மூடு, உள்ளே என்ன இருக்கிறது என்று யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றார்.

வெறும் உறை தொங்கிப்போய் அமுங்கியது. பார்த்தவுடன் தெரிந்தது. மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் தேடிப் பார்த்து, கட்டிங் மெஷினில் தேய்ந்து கழற்றிப்போட்ட ஒரு இரும்புத் துண்டை எடுத்து வந்தார். கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எடை சரியாக இருந்தது, வடிவம் சரியில்லை. நான்தான் பனியன் துணியைக் கிழித்து, பிடி பக்கம் தடிமனாகவும் குழாய் பக்கம் ஒல்லியாகவும் வருகிற மாதிரி சுற்றி, நூலால் இறுக்கிக் கொடுத்தேன். தறிக்கு நூல் சுற்றின கை. உறைக்குள் அது அப்படியே உட்கார்ந்தது. விஷயம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். மிலிட்டரி அன்றிலிருந்து ரிவால்வரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். கொட்டகையில் வந்து உட்கார்ந்தால் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்து வாரம் அப்படிப் போனது.

அன்றைக்கு முதலாளி பிரச்சாரத்துக்குப் போயிருந்தார். மிலிட்டரியை யார்டிலேயே விட்டுவிட்டுப் போனார். போகிற இடத்தில் போலீஸ் அதிகம், யாராவது உறையைத் திறக்கச் சொன்னால் வம்பு. காலை பத்தரை இருக்கும். பாலிஷ் ஷெட்டில் ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்த ஸ்லாப்களைப் பிரிக்கும்போது ஒன்று வழுக்கி, நகரி ஆள் ஒருவனுடைய வலது கையை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து நசுக்கிவிட்டது. கல்லை நெம்பி எடுத்து, கையைத் துண்டால் சுற்றி, கேட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பதினைந்து பேர் இருப்பார்கள். முன்னால் அவன் அண்ணன். அண்ணன் எங்கள் யார்டு ஆள் இல்லை. ரேணிகுண்டா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன், தம்பியைப் பார்க்க இரண்டு நாளுக்கு வந்திருந்தான்.

ஆம்புலன்ஸுக்கு போன் செய்திருந்தார்கள். அது மலைப்பாதை விபத்து ஒன்றுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்று பதில். யார்டு வேன் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது, டிரைவரும் இருந்தான். திருப்பதிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். கை பிழைக்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் இதே மாதிரி நசுங்கின ஒரு ஆளுக்கு, முதலாளி கூப்பிடுகிற டாக்டர் ஆபீஸ் ரூமிலேயே தையல் போட்டார். அந்த விரல் அழுகி, அப்புறம் வெட்ட வேண்டியிருந்தது.

மிலிட்டரி முதலாளிக்கு போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் எழுதுவார்கள், எலெக்ஷன் நேரத்தில் பேப்பரில் வரும். டாக்டரை அனுப்புகிறேன், கேட்டைத் திறக்காதே. யாராவது கலாட்டா செய்தால் பெல்ட்டில் கை வை. அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மிலிட்டரி கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். டாக்டர் வருகிறார், பொறுங்கள் என்றார். அண்ணன்காரன் சாவி கேட்டு என்னிடம் வந்தான். அவன் இரண்டடி வைத்ததும் மிலிட்டரியின் கை உறைக்குப் போனது. பொத்தானைத் திறக்கவில்லை. உள்ளங்கையை மேலே வைத்தார், அவ்வளவுதான்.

பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். செருப்புகள் ஜல்லியில் உரசிய சத்தம் கேட்டது. அண்ணன்காரன் மட்டும் நின்றான்.

"சுடு நைனா" என்றான். "சுட்டுட்டு கேட்டத் தொற. அவன இட்டுக்கினு போவட்டும்."

மிலிட்டரி உள்ளங்கையை எடுக்கவில்லை. அவனும் அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

அந்த இருபது நிமிஷத்தில் நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். உள்ளே இருப்பது இரும்புத் துண்டு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பதினைந்து பேரும் மிலிட்டரியை அடித்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். சாவி என்னிடம் இருக்கிறது, நானே போய்த் திறக்கலாம். திறந்தால் அவரை மீறினவன் ஆவேன். இதையும் நினைத்தேன், மதியம் சாப்பாடு வருமா என்பதையும் நினைத்தேன். மனுஷன் அப்படித்தான் நிற்கிறான். அடிபட்டவன் வேன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அலறவில்லை. துண்டு முழுக்க நனைந்து, முழங்கை வழியாகச் சொட்டி, கல் தூசியில் சின்னச் சின்ன உருண்டையாகிக்கொண்டிருந்தது.

ஒரு தடவை மெதுவாகக் கேட்டேன். "தொறந்துடட்டாண்ணே?"

"நான் சொல்லாம தொறக்காதே" என்றார், கேட்டைப் பார்த்தபடியே.

டாக்டர் வரவில்லை. அடிபட்டவன் தண்ணீர் கேட்டான். யாரோ பாட்டில் கொண்டுவந்தார்கள். வாங்குவதற்கு அவன் பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டான். துண்டு நழுவி விழுந்தது. மிலிட்டரி அந்தக் கையைப் பார்த்தார். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நுனி கறுத்துப்போயிருந்தது. பட்டாளத்தில் பனியில் கறுத்த விரல்களைப் பார்த்திருப்பதாக ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். பிறகு உறையின் பொத்தானைத் திறந்தார்.

எல்லோரும் இன்னும் பின்னால் போனார்கள். ஒருவன் தரையில் உட்கார்ந்தே விட்டான். மிலிட்டரி அந்தப் பனியன் துணிச் சுருட்டை வெளியே எடுத்து, என் கையில் வைத்தார்.

"தொற" என்றார்.

யாரும் அவரை அடிக்கவில்லை. நான் பயந்தது நடக்கவே இல்லை. அவர்கள் துணிச் சுருட்டைப் பார்த்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள். பின்னால் ஒருவன் சிரித்தான், அவனே நிறுத்திக்கொண்டான். அண்ணன்காரன் தம்பியைத் தூக்கி வேனில் ஏற்றினான். நான் பூட்டைத் திறந்தேன். வேன் மண் பாதையில் இறங்கிப் போனது.

முதலாளி ஒரு மணிக்கு வந்தார். கத்தவில்லை. மிலிட்டரியிடம் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். அது அவர் வாங்கிக் கொடுத்த பெல்ட். என்னிடம் உள்ளங்கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன். அந்த ஆளுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பாரோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தார் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். மோர் குடித்தோம். குடியாத்தம் பஸ் நின்றிருந்தது, ஆனால் அவர் ஏறாமல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்தார். ரிசல்ட் வந்ததும் போய் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். லைசென்ஸை யார் பேருக்கும் மாற்ற முடியாது, ஸ்டேஷனிலேயே விடவும் முடியாது, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார். பிறகு எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார்:

"முப்பத்தெட்டு இருந்தாத்தான் ஆள் நிப்பான்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன். பதினஞ்சி பேரு நின்னான். துணிக்கு நின்னான்."

துணி சுற்றினது நான். கண்டக்டர் விசில் அடித்தார். என்னோடு ஊருக்கு வருகிறாயா என்று மிலிட்டரி கேட்டார், இல்லை என்றேன். ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

எனக்குப் போக இடம் எதுவும் குறிப்பாக இல்லை. திருப்பதி பஸ் வந்தது, ஏறினேன். மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று பஸ் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் படிக்கட்டுப் பக்கம் நின்றபடியே போனேன். இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பாயும் பிளாஸ்க்குமாக வெளி மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே தேடினேன். அண்ணன்காரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க தம்பியின் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. என்னை அவன்தான் முதலில் பார்த்தான்.

"கேட்டுக்காரன் தானே நீ? துப்பாக்கிக்காரன் எங்க?"

"ஊருக்குப் போயிட்டாரு."

"அந்தத் துணிய சுத்தினது யாரு, அந்தாளா?"

"நான்தான்."

அடிப்பான் என்று நினைத்தேன், தள்ளிப் போகவில்லை. அவன் என் கையைப் பார்த்தான்.

"நல்லாத்தான் சுத்திக்கிற. நான் நெசமாவே செத்துட்டேன்னு நெனச்சிக்கினேன், தெரியுமா? ஒண்ணுக்கு வந்துட்ச்சி எனக்கு."

சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள். மற்றதுக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள், ரத்தம் ஓடுகிறதா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும். தம்பி கண் விழித்துவிட்டான், ஆனால் கையைப் பார்க்க மாட்டேன் என்கிறான். இதை எல்லாம் அவன் யாருக்கோ நடந்த மாதிரி சொன்னான். அந்த இருபது நிமிஷம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு விரல் தங்கியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் டீ வாங்கி வந்து கொடுத்தேன். குடித்தான்.

அவன் போன் அடித்தது. எடுத்துத் தெலுங்கில் கெஞ்சினான், வைத்தான், மறுபடி அடித்தது. ரேணிகுண்டா மேஸ்திரி. விடியற்காலை சிமெண்ட் ரேக், அதாவது முழு கூட்ஸ் ரயில், வருகிறது, கேங்கில் ஒரு ஆள் குறைந்தாலும் நேரத்துக்குள் இறக்க முடியாது. நீ வராவிட்டால் உன் இடத்தில் வேறு ஆளைப் போடுகிறேன், அப்புறம் வந்து நிற்காதே என்கிறார். ஆண்கள் வார்டில் ராத்திரிக்குத் துணை ஆள் இருந்தாக வேண்டும். தம்பிக்கு இவனை விட்டால் ஆள் இல்லை. பெண்டாட்டி நகரியில், பிரசவமாகிப் பதினெட்டு நாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"தூக்குவியா நீ?"

"தூக்குவேன்."

"வயசு?"

"நாப்பத்தாறு."

"தூக்குவேன்றவன் எல்லாம் பத்தாவது மூட்டைல ஒக்காந்துடறான். நீ ஒக்காந்தா என் எடம் போச்சு."

"ஒக்கார மாட்டேன்."

"கேட்டுல நின்னியே, அந்த மாதிரி நிக்காத" என்றான்.

மேஸ்திரிக்கு போன் போட்டு, என் சொந்தக்காரர் ஒருவர் வருகிறார், நான் வரும்வரை அவர்தான் என்று சொன்னான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தன் பையிலிருந்து மூட்டை தூக்கும்போது தலைக்கு வைக்கிற மடித்த சாக்கை எடுத்து என் மடியில் போட்டான்.

காலையில் முதல் பஸ்ஸுக்கு ரேணிகுண்டா போய்ச் சேர்ந்தேன். ரேக் வந்து நின்றிருந்தது, வேகன் கதவுகளை அடித்துத் திறந்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒரு பெரிய வயிற்றுக்காரர். அவனுக்கு பதில் நீயா என்று தெலுங்கில் கேட்டார், ஆமாம் என்றேன். அவன் உனக்கு என்ன முறை என்றார். தம்பி என்றேன். மூன்றாவது வேகனைக் காட்டினார். பலகை மேல் நடக்கும்போது நடுவில் நிற்கக்கூடாது, பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான் என்று மட்டும் சொன்னார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் ஆறாவதாக நின்றேன். வேகனுக்குள் இருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து முதல் மூட்டையை என் தலையில் வைத்தார்கள். சிமெண்ட் இன்னும் சூடாக இருந்தது. லாரியைப் பார்த்து நடந்தேன்.